முப்பத்துமூன்றா, முப்பத்தைந்தா

என் பிக்கப் டிரக்கின் டயரில் லிப்ஸ்டிக் பூசியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் தன் உதட்டில் லிப்ஸ்டிக் பூசி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் கைப்பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும், எல்லாமே மருந்துக் கடையில் கிடைக்கும் மலிவான அடர்சிவப்பு. கூடவே ஓர் இஞ்ச் டேப், மார்க்கர் பேனா, நாலாக மடித்த உப்புத்தாள். டெக்ஸாஸில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டில் ஐம்பதைத் தாண்டிய பெண்களை ஆன்ட்டி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. "ஆன்ட்டின்னா எனக்கு முட்டி வலிக்கி. அக்கான்னு சொல்லு" என்பார். அதனால் எங்கள் எல்லாருக்கும் அக்கா.

பாளையங்கோட்டைக்காரர். ஐந்தடிக்கு ஓர் இஞ்ச் குறைவு. ஹூஸ்டனில், செயற்கைக்கால் செய்து பொருத்தும் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. கால் இழந்தவர்களுக்கு அளவெடுத்து, அச்செடுத்து, கால் செய்து மாட்டி, நிற்க வைத்து, நடக்க வைத்து அனுப்புவார். நானும் அப்படித்தான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஒரு மழை நாளில் ஃப்ரீவேயில் நடந்த விபத்துக்குப் பிறகு எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே இல்லை.

புதுக் காலை மாட்டிக்கொண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நான் முதல்முறை நடந்தபோது, என் மனைவி கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று கிளினிக்கின் டாக்டர் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் போனதும் அக்கா என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பம் சொல்லு. எங்க உரசுது?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு."

"நல்லாருக்குன்னு சொல்லுதவன நான் நம்பவே மாட்டேன். எங்கயாவது உரசும். உரசாத காலுன்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. அது எங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் தேய்க்க முடியும்."

உள்பக்கம், முட்டிக்குச் சற்றுக் கீழே, என்று கையை வைத்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தொலைந்த சாவி கிடைத்தவர் போல எழுந்து ஓடினார்.

கிளினிக்குக்கு வெளியேயும் அவருக்கு அதே கேள்விதான். சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேரல் குழுவில் இருந்த இரண்டு பெண்கள் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. யார் எந்தப் பாட்டைத் தொடங்குவது என்பதில் சண்டை என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அக்கா இருவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டு, "பாட்டு கிடக்கட்டும். நெசமா எங்க உரசுது, அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ஒருத்தி வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு இன்னொருத்தியைக் கூப்பிட மறந்துபோயிருக்கிறாள். பத்து நிமிடத்தில் இருவரும் சேர்ந்து பிரியாணித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. தேவையில்லாமல் மூக்கை நுழைக்கிறார் என்று சிலர் விலகியே இருந்தார்கள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு இடம் மாறியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, காலுக்குள் போடும் உறைகளைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், வாசலில் நின்ற பிக்கப்பைப் பார்த்து நின்றுவிட்டார். விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு நான் ஆசைப்பட்டு வாங்கிய பழைய வண்டி அது. அதற்கப்புறம் தொடவில்லை. கண்ணாடியில் இலைச் சருகு ஒட்டியிருந்தது.

"இது யாரு வண்டி?"

"என்னோடதுதான்க்கா. வித்துடலாம்னு இருக்கோம்."

"ஏன்?"

"ஏற முடியாது."

"ஏறிப் பாத்தியா?"

கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சருகை உரித்தேன். உண்மையில் விபத்துக்குப் பிறகான எட்டு மாதங்களில் ஆபீஸ், கிளினிக், வீடு தவிர நான் வேறெங்கும் போகவில்லை. கடைக்குக்கூடக் கவிதாதான் போனாள். அரைக்கால் சட்டைகளை எல்லாம் மூட்டை கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

"வாங்கும்போது என்ன செய்யணும்னு நினைச்ச?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "பாடி லிஃப்ட் பண்ணி, முப்பத்தஞ்சு இஞ்ச் டயர் போடணும்னு நெனச்சேன்க்கா."

"அப்படின்னா?"

வண்டியின் அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம் ஒன்று உண்டு, இன்ஜினும் சக்கரங்களும் அதில்தான் இருக்கும், நாம் உட்காரும் கூடு அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கட்டை வைத்துக் கூட்டை மட்டும் இரண்டோ மூன்றோ இஞ்ச் தூக்கினால் சக்கரத்துக்கு மேலே இடம் கிடைக்கும், அந்த இடத்தில் பெரிய டயர் போடலாம் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல என் குரல் மாறியதை நானே கவனித்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மூச்சு விடாமல் பேசினேன்.

அக்கா கையிலிருந்த உறைப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"இது நாங்க பண்ணுத வேலைல்லா. குழாய்க்கும் பாதத்துக்கும் நடுவுல கட்ட வச்சு உசரம் கூட்டுவோம். ஏலே, இந்த ஊர்ல வண்டிக்கும் பண்ணுதானா?" என்றவர் நிமிர்ந்து டேப்பை எடுத்தார். "முப்பத்தஞ்சு போட்டா எங்க உரசும்?"

அன்று ஆரம்பித்தது. அடுத்த இரண்டு வாரம் அவர் என்னை விடவில்லை. ஆபீஸில் மீட்டிங்கில் இருப்பேன், போன் வரும்.

"தம்பி, டயர் ரெண்டு இஞ்ச் பெருசானா வண்டி ஒரு இஞ்ச்தான் ஏறும், தெரியுமா? மேல பாதி, கீழ பாதி."

"தெரியும்க்கா."

"பெறவு ஏன் எங்கிட்ட சொல்லல? ஒரு ராத்திரி தூக்கம் போச்சு."

இன்னொரு நாள்: "பாடி லிஃப்ட் பண்ணினா அடியில கல்லு தட்டுதது கொறையாதாம். கூடுதான் ஏறுதாம், அச்சு அங்கயேதான் கெடக்காம். அச்சு ஏறணும்னா டயருதான் பெருசாகணும். நீ பாட்டுக்கு லிஃப்ட மட்டும் போட்டுட்டு வீராப்பா போயிராத."

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு வந்தார். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஓர் அளவு குறைந்த முப்பத்துமூன்று இஞ்சில் ஒரு வட்டம், நான் கேட்ட முப்பத்தைந்தில் ஒரு வட்டம் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, வண்டியின் சக்கரத்தின் மேல் ஒன்றை டேப் போட்டு ஒட்டினார். எதிர்ச் சாரி வீட்டுக்காரர் புல் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. வண்டி ஏற்கெனவே உயர்ந்துவிட்டதுபோலிருந்தது.

எனக்கு மூன்று இஞ்ச் லிஃப்டும் முப்பத்தைந்து டயரும்தான் வேண்டும். அக்காவுக்கும் அதுதான் ஆசை. கணக்குப் போட்டார். இப்போது ஏறும் படி தரையிலிருந்து பதினெட்டு இஞ்சில் இருக்கிறது, அது இருபத்துமூன்றுக்குக் கிட்டத்தட்டப் போகும். "ஏறிருவ" என்றார். "ஏறாம என்ன?"

கிளினிக்கில் கம்பிகளுக்கு நடுவே மரக்கட்டைகளை அடுக்கினார். பதினெட்டு ஏறினேன். இருபது ஏறினேன். இருபத்துமூன்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு முறை ஏறினேன். வியர்த்துவிட்டது. அக்காவின் கண்கள் ஜொலித்தன. கவிதா சுவரோரம் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இப்பம் கம்பிய விட்டுட்டு ஏறு" என்றார் அக்கா.

வலது கால் கட்டை மேல் இருந்தது. உடம்பைத் தூக்கினேன். பாதி உயரத்தில் இடது கால் கட்டையின் விளிம்பில் இடித்தது. பக்கவாட்டில் விழுந்தேன். அடிபட்டது துண்டுக் காலின் நுனியில். உறை ரத்தத்தில் நனைவதை உணர்ந்தேன்.

அக்கா கையை நீட்டியபடி ஓடிவந்தார். கவிதா நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"போதும்க்கா" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. "இவரு உங்க ப்ராஜெக்ட் இல்ல."

காயம் ஆற மூன்று வாரம் ஆனது. காலை மாட்ட முடியாமல் மறுபடி சக்கர நாற்காலி. அக்காவிடமிருந்து போன் இல்லை. அட்டை வட்டம் வண்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, மழையில் நனைந்து ஊறித் தொங்கியது. வண்டியை விற்கும் விளம்பரத்துக்கு நானே போட்டோ எடுத்தேன்.

பதினோராம் நாள் மாலை அவர் வந்தார். கைப்பை இல்லை. சமையலறை மேசையில் கவிதாவுக்கு எதிரே உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் அவளிடமே பேசினார்.

"முப்பது வருசமா இந்த வேல பாக்கேன் கவிதா. வாரவங்க எல்லாம் ஒண்ணும் வேண்டாம், நடந்தாப் போதும்பாங்க. இவன்தான் வந்து, உசரத்துல ஏறணும்னு சொன்னான். எனக்குத் தல கால் புரியல. அவனால முடியுதான்னு நான் பாக்கல. அவன அந்த உசரத்துல பாக்கணும்னு எனக்கு ஆச. தப்பு என்னோடது."

கவிதா எழுந்து காபி போட்டாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.

"முப்பத்துமூணு போட்டா படி எவ்வளவு உசரம் வரும்?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா காபியைக் குடிக்க மறந்துவிட்டார்.

"ரெண்டு இஞ்ச் லிஃப்ட்னா, இருபத்தொண்ணுக்கு உள்ள."

"அதுக்கும் கீழ இன்னொரு படி தொங்கவிட முடியுமா?"

"முடியும். கைப்பிடியும் வைக்கலாம். கதவு ஓரத்துல, அவன் வலது கை எட்டுத இடத்துல."

"அட்ட ரெண்டையும் மறுபடி வெட்டிட்டு வாங்க" என்றாள் கவிதா. "வெளியில நின்னு பாக்கணும்."

மறுநாள் தெருவின் எதிர்ப்பக்கம் அவர்கள் இருவரும் நிற்க, நான் சக்கர நாற்காலியில் இருந்தேன். முன் சக்கரத்தில் முப்பத்துமூன்று, பின் சக்கரத்தில் முப்பத்தைந்து. முப்பத்தைந்துதான் கெத்தாக இருக்கிறது, பாருங்கள், என்று நான் கடைசியாக ஒருமுறை வாதாடினேன்.

"எது முப்பத்தஞ்சு?" என்றாள் கவிதா.

அத்தோடு அது முடிந்தது.

காயம் ஆறிக் காலை மாட்டியதும், லிஃப்ட் போடப் பக்கத்து ஊரான ரோசன்பர்க்கில் ஹெக்டர் என்ற மெக்கானிக்கிடம் நானும் கவிதாவும் போனோம். அக்கா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஹெக்டர் முதலில் எல்லாவற்றையும் என்னைப் பார்த்தே சொன்னார். ஒரு பக்கத்துப் போல்ட்களைக் கழற்றி, ஜாக்கி வைத்துக் கூட்டை மெல்லத் தூக்கி, கறுப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகினார். ஸ்டியரிங் தண்டு எட்டுமா, ரேடியேட்டர் மேலே போய்விட்டால் விசிறி எங்கே இடிக்கும், பம்பர் மட்டும் கீழே தங்கிவிடாதா என்று அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டபடியே இருந்தார். மதியத்துக்குள் ஹெக்டர் என்னை மறந்துவிட்டு அவரிடம் மட்டும் பேச ஆரம்பித்திருந்தார்.

முப்பத்துமூன்று இஞ்ச் டயர்கள் நாலும் ஏறின. புது ரப்பர் வாசனை. வண்டி கீழே இறங்கி நின்றதும் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தேன். உரசாது, என்றார் ஹெக்டர்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். கைப்பையைத் திறந்து லிப்ஸ்டிக்கை எடுத்தார். முன் டயர்களின் தோள் ஓரத்தில், உள்ளும் வெளியும், சுற்றிச் சுற்றிப் பூசினார். இரண்டு லிப்ஸ்டிக் தீர்ந்தன. எங்கள் காலுக்கும் அப்படித்தான் செய்வார். உறையில் பூசி, காலை மாட்டி நாலு அடி நடக்கச் சொல்லிக் கழற்றிப் பார்த்தால், துண்டுக் கால் உட்காரும் கிண்ணத்துக்குள் எங்கே அழுத்துகிறதோ அங்கே சிவப்பு ஒட்டியிருக்கும். ஹெக்டர் வண்டியை எடுத்து ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து ஒரு சுற்று, வலப்பக்கம் ஒடித்து ஒரு சுற்று, பிறகு நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கிக்கொண்டு வந்தார். அக்கா டார்ச் லைட்டோடு சக்கரத்துக்கு மேலே தலையை நுழைத்தார்.

"இந்தா, இங்க."

சக்கரத்துக்கு மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக்கின் மூலையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு. ஹெக்டர் தலைக்குமேல் கைகளைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அந்த இடத்து பிளாஸ்டிக்கைச் சூடுபடுத்தி உள்ளே மடக்கினார். அடுத்த வாரம் நான் போனபோது அவர் மேசையில், ஸ்பேனர்களுக்கு நடுவே, ஒரு லிப்ஸ்டிக் நின்றிருந்தது.

அதன் பிறகு நான் ஏற வேண்டும். எல்லாரும் சற்றுத் தள்ளி நின்றார்கள். வலது கால் கீழ்ப்படியில். வலது கை கைப்பிடியில், இடது கை கதவில். ஓர் இழுப்பு. சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினேன். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. ஹெக்டரின் கடை வேலிக்கு அப்பால் பக்கத்து வயல் முழுக்கத் தெரிந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அக்கா கீழேயிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார். இந்த முறை இன்னொரு தடவை ஏறு என்று அவர் சொல்லவில்லை. கவிதாவைத் திரும்பிப் பார்த்தார். கவிதா தலையசைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா பக்கத்து சீட்டில் போனில் ஜி.பி.எஸ்ஸைப் போட்டு வேகத்தைக் கண்காணித்தார். "டயர் பெருசாயிட்டுல்லா, மீட்டர் பொய் சொல்லுது. அறுபதுங்கு. நீ அறுபத்திரெண்டரைல போற. போலீஸ்காரன்கிட்ட நான் சாட்சி சொல்ல வர மாட்டேன்."

அடுத்த வருடம் அவர் கணவருக்கு வேலை மாறி, நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் ஒரு கிளினிக்கில் சேர்ந்திருக்கிறார். எப்போதாவது பனிக்குவியலின் உயரத்தை டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்புவார். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, அவர் கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் மூவரும் கடற்கரைக்குப் போன காலைதான்.

கால்வெஸ்டனுக்குத் தெற்கே, மணலிலேயே வண்டி ஓட்ட விடும் கடற்கரை அது. ஈர மணலில் வண்டி பாலாடை மேல் போவதுபோலப் போனது. கவிதா ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கொண்டாள். குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தைச் சுற்றிப் போகலாம் என்று நான் காய்ந்த மணலில் திருப்பினேன். பின் சக்கரங்கள் சுழன்றன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி உட்கார்ந்துகொண்டே போனது.

"காத்து இறக்கணும்" என்று கதவைத் திறந்தார் அக்கா. "டயரு அகலமாப் படியணும். எறங்குங்க."

இறங்கினேன். மணலில் செயற்கைப் பாதம் புதைந்தது, ஆனால் எவ்வளவு புதைகிறது என்று எனக்குத் தெரியாது. வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டயராக மண்டியிட்டுக் காற்றை இறக்கினேன். பேன்ட் இடைஞ்சலாக இருந்தது, முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டேன். அக்காவும் கவிதாவும் ஐஸ் பெட்டியின் மூடியால் சக்கரத்துக்கு முன்னால் தோண்டினார்கள். அலை ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வந்தது. ஏறிப் பார்த்தேன், நகரவில்லை. இறங்கித் தோண்டினேன். தரைவிரிப்புகளை உருவிச் சக்கரத்தின் கீழே திணித்தோம். ஏறினேன். ஓரடி முன்னால் வந்து மறுபடி உட்கார்ந்தது. இறங்கினேன். நுரை முன் டயரைத் தொட்டுவிட்டுப் போனது. குடைக்கடியில் இருந்த குடும்பம் எழுந்து வந்து பின்னால் கைவைத்தது. அவர்களில் யாராவது என் காலைப் பார்த்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"இன்னும் காத்த இறக்கு" என்றார் அக்கா. இறக்கினேன். மறுபடி ஏறினேன்.

இந்த முறை வண்டி மெல்லத் தலையை நிமிர்த்தியது. விரிப்பை விட்டு வெளியே வந்தது. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"நிறுத்தாத. நிறுத்தினா மறுபடி புதையும். போ, போய்க்கிட்டே இரு."

போனேன். ஈர மணல் வந்தது, கெட்டியான மணல் வந்தது, நிறுத்தலாம் என்ற இடமும் வந்தது. நான் நிறுத்தவில்லை. ஜன்னல் வழியாக உப்புக்காற்று முகத்தில் அடிக்க, யாருமில்லாத கரையில் நேராக ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். கவிதா ஐஸ் பெட்டி மூடியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் குள்ளமான உருவம் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது.